வீரரை அழைத்தல்: கூத்துக் களரியும் கைத்தொலைபேசித் திரையும்

இலக்கியத்தில் இடம்பெறும் வீரர்கள் தாமாக வருவதில்லை, அவர்கள் அழைக்கப்படுகின்றனர். யார் அழைக்கின்றனர், எதற்காக அழைக்கின்றனர், அழைப்பதற்கு என்ன விலை கொடுக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களும் ஒரு சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடு நெருங்கிய தொடர்புடையன. 1857 இல் எழுதிய முன்னுரை ஒன்றிலே கார்ல் மார்க்ஸ், வெடிமருந்தும் ஈயக்குண்டும் வந்துவிட்ட காலத்தில் அக்கிலீசு போன்ற வீரன் சாத்தியமா என வினவினார். காவியத்தைத் தோற்றுவித்த சமூக நிலைமைகள் மறைந்த பின்னரும் அக்காவியம் நமக்கு இன்பந் தருவது ஏன் என்பதே விளக்க வேண்டிய சிக்கல் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் அவ்வினாவுக்கு எதிர்பாராத விடை ஒன்று கிடைத்துள்ளது. அக்கிலீசு மீண்டும் வந்துள்ளான். கைத்தொலைபேசித் திரையிலே, பண்டமாக வந்துள்ளான்.

திருகோணமலையின் உட்துறைமுக வீதியோரத்தில் மாலை வேளைகளிற் கூடும் இளைஞர் சிலரோடு அண்மையில் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்களுள் ஒருவர் திரையைக் காட்டி, "ஆறு மாதமாக் கூப்பிடுறன், கர்ணன் இன்னும் வரேல்ல, சேர்" என்றார். கூத்தில் ஒரு பாத்திரம் களரியிற் புகுவதை 'வரவு' என்பது நமது மரபு. அதே வினைச்சொல்லை அந்த இளைஞர் தம்மையறியாமலே கையாண்டார். இவ்விரு வரவுகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

அவ்விளைஞர் குறிப்பிட்ட ஆட்டம் 'பேட் கிராண்ட் ஓடர்' என்பதாகும். யப்பானிய சோனி குழுமத்தைச் சார்ந்த அனிப்ளெக்ஸ் நிறுவனம் இதனை 2015 யூலையில் யப்பானில் வெளியிட்டது. ஆங்கில வடிவம் 2017 இல் வந்தது. உலகின் புராண, இதிகாச, வரலாற்று வீரர்களை அழைத்து அணி சேர்த்துப் போரிடுவதே இதன் அமைப்பு. கில்கமேசு, ஆர்தர் மன்னன், அக்கிலீசு ஆகியோருடன் இராமன், கர்ணன், அருச்சுனன், அசுவத்தாமன் ஆகியோரும் இதில் இடம்பெறுகின்றனர்.

ஆட்டத்தைப் பெறுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஆயின் வீரரை அழைப்பதற்குக் கற்கள் வேண்டும். ஓர் அழைப்புக்கு மூன்று கற்கள். நாள்தோறும் ஆட்டத்தைத் திறப்போருக்கும் அதன் பணிகளை முடிப்போருக்கும் சில கற்கள் இலவசமாகக் கிடைக்கும். பொறுத்திருக்க இயலாதோர் காசு கொடுத்து வாங்கலாம். அழைத்தவுடன் விரும்பிய வீரர் வருவார் என்பதற்கு உறுதி இல்லை. வீரர் ஏறத்தாழ யாவரும் ஒன்று முதல் ஐந்து வரையான நட்சத்திரங்களால் தரப்படுத்தப்பட்டுள்ளனர். ஐந்து நட்சத்திர வீரர் எவரேனும் ஒருவர் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. கர்ணன் ஐந்து நட்சத்திர வீரன். நூறு முறை அழைத்தும் ஐந்து நட்சத்திர வீரர் ஒருவரேனும் வராதிருப்பதற்கான வாய்ப்பு, எளிய கணக்கின்படி, ஏறத்தாழ 37 வீதம். குறிப்பிட்ட ஒரு வீரனையே வேண்டி நின்றால் வாய்ப்பு மேலும் குறையும்.

இம்முறைக்கு 'கச்சா' என்று பெயர். நாணயத்தை இட்டுக் கைப்பிடியைத் திருகினால் உறையிலிட்ட பொம்மை ஒன்று விழும் பொறிகள் 1960களிலிருந்து யப்பானியக் கடைவாயில்களில் நின்றன. கைப்பிடி திரும்பும் ஓசையும் பொம்மை விழும் ஓசையும் சேர்ந்து 'கச்சாப்பொன்' என்ற பெயர் அப்பொறிகளுக்கு ஏற்பட்டது. பொறியிலே உள்ள பொம்மை உண்மைப் பொருள். அதைச் செய்வதற்கு மூலப்பொருளும் உழைப்பும் வேண்டும். அது தீர்ந்துவிடவுங் கூடும். திரையிலுள்ள கர்ணனோ ஒருமுறை வரையப்பட்ட பின்னர் எவ்வித மேலதிகச் செலவுமின்றி எத்தனை கோடிப் பேருக்கும் வழங்கத்தக்கவன். அவனது அருமை இயற்கையானதன்று, செயற்கையாக விதிக்கப்பட்டது. பஞ்சமில்லாத இடத்திற் பஞ்சத்தை உண்டாக்கி அதனை விற்பதே இவ்வணிகத்தின் சாரம். இவ்வாட்டம் ஒன்று மட்டும் இதுவரை பல நூறு கோடி டொலரை ஈட்டியுள்ளது என்பதிலிருந்து இம்முறையின் வலிமையை உணரலாம்.

ஈண்டு இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. இத்தகைய ஆட்டங்களை ஆடுவோருட் பெரும்பாலோர் காசு எதுவும் செலுத்துவதில்லை. சிறுபான்மையினர் செலுத்தும் தொகையே வருவாயின் பெரும்பகுதி. அவ்வாறாயின் செலுத்தாதோர் எதற்கு? அரிய வீரனை வைத்திருப்பதன் பெருமை, அவனைப் பெறாத பலர் இருக்கும்பொழுதே நிலைக்கும். செலுத்தாதோரின் ஏக்கமே செலுத்துவோர் வாங்கும் பண்டத்துக்கு மதிப்பை அளிக்கிறது. நமது இளைஞர் தாம் காசு கொடுக்கவில்லை என்று பெருமிதத்தோடு கூறினார். அவர் கொடுத்தது நேரத்தை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக ஊறும் ஆட்டவலுவுக்கு ஏற்ப அவரது நாள் பங்கிடப்பட்டிருந்தது.

2

வீரரை அழைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளைக் கூறுகின்றது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் பலர் கூடிச் செய்யும் வினை. ஆநிரைக்காகப் பட்டவன் அவ்வூரவன். கல்லை நட்டோர் அவன் சுற்றத்தார். அழைத்தோருக்கும் அழைக்கப்பட்டோனுக்கும் இடையே உற்பத்தி வாழ்வின் உறவு ஒன்று நிலவியது.

நிலமானிய சமுதாயத்தில் இவ்வுறவு வேறு வடிவம் பெற்றது. கிழக்கிலங்கைக் கூத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாவியார் ஆட்டக்காரரைத் தெரிந்து சட்டங்கொடுப்பார். மாதக்கணக்கிற் பழகிய பின்னரே சதங்கை அணிதலும், அதன்பின் அரங்கேற்றமும் நிகழும். பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுவர். பகலிலே வயலிலோ கடலிலோ உழைத்தவன் இரவில் மத்தள ஒலிக்கு ஆடிக் கர்ணனாக வருவான். அவனது வரவுக்கு ஊரார் அனைவரும் செலவிட்டனர். அனைவரும் அவனைப் பெற்றனர். ஒருவர் கண்டதனால் மற்றவர் இழக்கவில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கில் ஊரவரே பாண்டவராகி வனவாசம் செல்வதையும் இவ்வாறே நோக்கலாம்.

ஆயினும் பழமையைப் பொன்னொளியிற் காட்டுவது நமது பணியன்று. எக்கூத்தை எவர் ஆடலாம், மத்தளத்தை எவர் தொடலாம் என்பவற்றைப் பல ஊர்களிற் சாதியே தீர்மானித்தது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். களரியில் வந்த வீரர் பெரும்பாலும் அரசரே. அவர்களது அறம் ஆளும் வர்க்கத்தின் அறமே. திருகோணமலையிலே கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் குளக்கோட்டனை எவ்வாறு நினைவுகூருகின்றது என்பதைப் பார்ப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அவன் கோயிலையும் குளத்தையும் தந்தவன் மட்டுமல்லன். குடிகளை வருவித்து, இன்னார்க்கு இன்ன தொழும்பு என விதித்தவனும் ஆவான். அங்கு வீரனை அழைப்பது நில உரிமையையும் ஊழியக் கடமையையும் உறுதிப்படுத்துவதாக அமைந்தது.

அதே வீரர்களை வேறொரு காலம் வேறொரு தேவைக்காக அழைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இற் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்', 1967 இல் 'வாலி வதை' ஆகிய கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்டது சில மணி நேர நாடகமாயிற்று. 1956 இன் பின்னர் தமது பண்பாட்டு அடையாளத்தைத் தேடிய தமிழ் மத்தியதர வர்க்கத்தின் குரல் அவற்றில் ஒலித்தது எனலாம். தமிழகத்தில் 1946 இல் வெளிவந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1948 இல் தடைசெய்யப்பட்டமையும் இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது. அழைக்கப்படும் வீரன் யார் பக்கம் நிற்பான் என்னும் அச்சம் ஆட்சியாளர்க்கு இருந்தது. தடைசெய்யத்தக்க அளவுக்கு அவ்வீரன் உயிருள்ளவனாக இருந்தான்.

3

மேற்கூறிய அழைப்புகள் யாவற்றிலும் வீரன் ஒரு முரண்பாட்டைச் சுமந்து வந்தான். கர்ணனின் கதையில் அம்முரண்பாடு மிகக் கூர்மையானது. அரங்கிலே திறமையைக் காட்ட முனைந்தவனிடம் குலம் கேட்கப்பட்டது. பிறப்பால் மறுக்கப்பட்ட மதிப்பை அவன் வில்லாலும் கொடையாலும் ஈட்டினான். தமிழ் மரபிலே அவன் முதன்மையாகக் கொடையாளி. கவச குண்டலங்களை ஈந்தவன், இறுதியில் தான் செய்த புண்ணியத்தையே ஈந்தவன் என்பதாலேயே மக்கள் அவனுக்காகக் கண்ணீர் விட்டனர்.

திரையிலுள்ள கர்ணனிடமும் கவசத்தை இழந்த கதையும் இந்திரன் தந்த வேலும் உள்ளன. ஆட்டத்தை ஆக்கியோர் மூலக்கதையை அறியாதோர் அல்லர். ஆயின் அங்கு அவை வலுவின் அளவுகளாகின்றன. குலம் கேட்கப்பட்டவனுக்கு நட்சத்திரம் இடப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் கொடுத்தவனைப் பெறுவதற்கு நாம் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டியுள்ளது.

இன்னோர் எடுத்துக்காட்டும் பொருத்தமானது. கி.மு. 73 முதல் 71 வரை உரோம ஆட்சியை நடுங்கச் செய்த அடிமைக் கிளர்ச்சியின் தலைவன் இசுப்பார்த்தக்கசும் இவ்வாட்டத்தில் உள்ளான். அவனுக்கு ஒரு நட்சத்திரம். இதனை ஆக்கியோரின் வர்க்கக் காழ்ப்பு என்று கூறிவிடுவது எளிது, ஆயின் பிழையாகும். இசுப்பார்த்தா மன்னன் லியோனிதாசுக்கும் இரண்டே நட்சத்திரம்தான். சந்தை மன்னனையும் அடிமையையும் பழைய அளவுகோலால் அளப்பதில்லை. எவரது உருவம் எவ்வளவு விரும்பி வாங்கப்படும் என்பதே அதன் அளவுகோல். வரலாற்றில் அவர்கள் எதிரெதிரே நின்றமைக்கான காரணம் அங்கு பொருளற்றதாகிவிடுகின்றது. அடிமைத் தலைவனும் பேரரசனும் ஒரே அணியில் அருகருகே நிற்பர். ஆனால் அவர்களிடையே சமத்துவம் உண்டாகியதாகக் கொள்ளலாகாது.

அழைக்கப்படும் வீரர்களுக்கு ஆட்டத்தில் வழங்கும் பெயர் 'பணியாள்', அழைப்பவருக்கு 'எசமான்'. நாளெல்லாம் பிறர் ஏவலுக்கு உழைக்கும் இளைஞருக்கு, பேரரசரும் தமக்குப் பணிவர் என்னும் கற்பனை கவர்ச்சியானதே. அதனை இழிவுபடுத்த நாம் விரும்பவில்லை. மறுக்கப்பட்ட மேன்மையை மனிதர் கலையிலே தேடுவது இயல்பு. ஆயின் குறித்த நேரத்தில் தவறாது வருபவர் யார், ஏவிய பணியை முடித்துக் கூலிக்குக் காத்திருப்பவர் யார் என நோக்கும்பொழுது எசமான் யார் என்பது தெளிவாகும்.

4

திருகோணமலைத் துறைமுகத்துக்கு மூலதனத்தின் வடிவங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலில் வந்தன. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பினர்; பின்னர் ஒல்லாந்தரும் 1795 இற் பிரித்தானியரும் வந்தனர். பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் உள்ளன. 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. 1957 இற் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இன்றைய மூலதனத்துக்கு இறங்குதுறை வேண்டியதில்லை. துறைமுகச் சுவரில் அமர்ந்திருப்பவரின் உள்ளங்கையிலேயே அது இறங்கிவிடுகின்றது.

இதற்கு வரம்பிட முடியாதென்பதும் அன்று. குறித்த பொருட்டொகுதியைச் சேர்த்து முடித்தோர்க்கே பரிசு என்னும் கச்சா வகை சட்டத்துக்கு முரணானது என 2012 இல் யப்பானிய அரசின் நுகர்வோர் முகவரகம் அறிவித்தது. 2017 இற் சீனா வாய்ப்பு வீதங்களை வெளியிடுமாறு விதித்தது. 2018 இற் பெல்ஜியம், காசுக்கு விற்கப்படும் இத்தகைய அதிட்டப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் எனத் தீர்மானித்தது. இவை வேண்டியனவே, ஆயின் போதியன அல்ல. சட்டம் விலையை வெளிப்படுத்தும். வீரனை மீட்டுத் தராது.

வீரனை மீட்பது பண்பாட்டுப் பணி. நாம் அவ்விளைஞரிடம், கர்ணன் ஏன் இறந்தான் எனக் கேட்டோம். அவன் வலுவையும் வேலையும் எண்களோடு விவரித்தவர், சிறிது நேரம் யோசித்து, தம் அம்மம்மா அக்கதையைச் சொல்லும்போது அழுவார் என்றார். ஏன் அழுதார் எனக் கேட்டதற்கு, "அவனிட்ட எல்லாரும் கேட்டு வாங்கினவை, ஒருத்தரும் குடுக்கேல்ல" என்றார். இதனினுஞ் சிறந்த இலக்கிய விமரிசனத்தை நாம் அண்மையிற் கேட்டதில்லை. அம்மம்மா வழியாக வந்த அக்கர்ணனுக்கு நட்சத்திரமில்லை. அவனை அழைக்கக் கல்லும் வேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு ஆடுவோரும் பாடுவோரும் கேட்போரும் ஒருங்குகூடும் களரி ஒன்று வேண்டும். அத்தகைய களரியை, சாதித் தடைகளையும் பால் வேறுபாட்டையும் நீக்கி, உழைக்கும் இளைஞர் தாமே ஆடும் களரியாக அமைப்பது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் முன்னுள்ள பணியாகும். முன்னொரு தலைமுறை மாணவர் சதங்கை கட்டினர். இத்தலைமுறை எதைக் கட்டப்போகின்றது என்பதே நாம் விடையிறுக்க வேண்டிய வினா.