பழைய புத்தகக் கடையில் ஃபங்ஷனல் புரோகிராமிங்

பாகலூர்வாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் வந்து பஸ் ஏறினால் பெங்களூரு. அங்கே அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் கம்ப்யூட்டர் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, புரோகிராமிங் கற்க நினைப்பவர்கள் முதலில் போவது அங்கேதான். நானும் போனேன். ஹாஸ்கெல் மொழிப் புத்தகம் ஒன்றை வாங்கி, அதில் உள்ளபடியே டைப் செய்தேன். எர்ரர்! என் தவறு என்று நினைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். தவறு என்னுடையதல்ல, புத்தகத்தின் வயது.

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்றதும் பயப்பட வேண்டாம். எக்ஸெலில் ஏ1 கட்டத்தில் வேலை நேரம், பி1ல் ஒரு மணிக்குக் கூலி, சி1ல் இரண்டையும் பெருக்கும் ஃபார்முலா. ஏ1ஐ மாற்றினால் சி1 தானே மாறுகிறது. 'முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று நீங்கள் வரிசையாகக் கட்டளையிடவில்லை; எது எதைப் பொறுத்தது என்று மட்டும் சொன்னீர்கள். இந்தப் பாணியில் முழு புரோகிராமையும் எழுதுவதுதான் ஃபங்ஷனல் புரோகிராமிங். ஹாஸ்கெல் இந்த வகை மொழி.

சரி, எர்ரர் ஏன் வந்தது? ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியின் 7.10 பதிப்பு 2015ல் வந்தபோது மோனாட் எழுதும் விதி மாறியது. (மோனாட் என்றால் என்ன என்று இப்போது கேட்காதீர்கள்!) அதற்கு முன் அச்சான புத்தகங்களில் அந்தப் பகுதி இன்று அப்படியே ஓடாது. ஆகவே விலையைக் கேட்கும் முன் அச்சான ஆண்டைப் பாருங்கள். கிரஹாம் ஹட்டனின் 'புரோகிராமிங் இன் ஹாஸ்கெல்' நல்ல புத்தகம். ஆனால் 2007 பதிப்பை விட்டுவிட்டு, 2016ல் வந்த இரண்டாம் பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.

'சிக்ப்' என்று செல்லமாக அழைக்கப்படும் எம்.ஐ.டி. புத்தகத்தைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அருமையான புத்தகம்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே கால்குலஸ் எட்டிப் பார்க்கும். முதல் புத்தகமாக அதை வாங்க வேண்டாம் என்பேன்.

என் சிபாரிசு 'ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்'. 2018ல் இரண்டாம் பதிப்பு வந்தது. எழுதிய நால்வரில் ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும். முழுப் புத்தகமும் இண்டர்நெட்டில் இலவசம், பஸ் செலவும் மிச்சம்.

படித்துக் காட்ட ஆள் வேண்டுமா? சென்னை அருகே சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் மாணவர்களுக்கு முதல் புரோகிராமிங் பாடமே ஹாஸ்கெல்தான். அங்குள்ள மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கெல் வகுப்புகளின் வீடியோக்களை என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகப் பார்க்கலாம். எல்லாமே ஆங்கிலத்தில்தான். பக்கத்தில் நோட்டு ஒன்று வைத்து, புரிந்ததைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றே தொடங்க, டாக்டர்ராக்கெட் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து நிறுவுங்கள். லாங்குவேஜ் மெனுவில் 'பிகினிங் ஸ்டூடன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ரன் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். கீழே உள்ள பகுதியில் (+ 2 3) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 5 வரும். கூட்டல் குறி ஏன் முன்னால் நிற்கிறது என்பதைப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே படிக்கலாம்.