கைக்காசுக் கணக்கு – 17: விருந்தாளிக்கு மட்டும் திறந்த வாசல்

விடுமுறையில் சூதாட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை நாள்வாரியாகப் பிரிப்பது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். சிங்கப்பூர்ச் சூதாட்டக்கூடங்களின் வாசல் கட்டணம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளாக அதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை.

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் மரினா பே சாண்ட்ஸின் உச்சியில் இருக்கிற கப்பல் வடிவத் தளத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதே வளாகத்துக்குள் சூதாட்டக்கூடமும் இருக்கிறது. 21 வயது நிரம்பி, கையில் இந்தியக் கடவுச்சீட்டும் இருந்தால் ஒரு காசு வாங்காமல் உள்ளே விடுவார்கள். சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் கதை வேறு. அவர்கள் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அது 24 மணி நேரத்துக்குச் செல்லும். அதற்கு மேல் கட்டாமல் உள்ளே இருந்தால் சட்டப்படி குற்றம். 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் சூதாட்டக்கூடங்களைத் திறந்தபோது 100 வெள்ளி வாங்கினார்கள். 2019 ஏப்ரலில் 150 ஆக்கினார்கள். அடிக்கடி போகிறவர் வருடத்துக்கு மொத்தமாக 3,000 வெள்ளி கட்டலாம். இந்தப் பணத்துக்கு ஒரு சில்லுகூடக் கிடைக்காது. டோட் போர்டு என்ற அரசு வாரியத்தின் வழியாகப் பொதுநலக் காரியங்களுக்குப் போய்விடும்.

150 வெள்ளி என்பது எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் ஆர்வம் எல்லை மீறியது.

ரூலெட் சக்கரத்தில் ஒற்றைச் சுழியம் என்றால் மொத்தம் 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி அது விழுந்தால் 35 மடங்கு தருவார்கள். நியாயமாக 36 மடங்கு தர வேண்டும். சூதாட்டக்கூடக் கடைக்காரரின் பிழைப்பு அந்த ஒரு மடங்கில் நடக்கிறது. புழங்குகிற பணத்தில் சுமார் 2.7 சதவீதம் அவருக்கு. சுற்றுக்கு 25 வெள்ளி வைக்கிறீர்கள், மணிக்கு 40 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,000 வெள்ளி மேசையில் புரண்டிருக்கும். கடைக்காரர் பங்கு 27 வெள்ளி. அந்த மேசையில் உட்காருவதற்கு மணி வாடகை அதுதான். அப்படியானால் உள்ளூர்க்காரர் ஐந்தரை மணி நேரத்துத் தோல்வியை வாசலிலேயே கட்டிவிட்டு, அதன் பிறகு தோற்பதற்கு உள்ளே போகிறார்!

27 வெள்ளி என்பது சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. சிவப்பு, கறுப்பு என்று நிறத்தில் கட்டுகிறவருக்குக்கூட ஒரு மணி நேரத்தில் 150 வெள்ளி ஏறுவதோ இறங்குவதோ சர்வசாதாரணம். 300 இறங்கினாலும் ஆச்சரியமில்லை. வாடகை 27தானே என்று ஐம்பது வெள்ளியோடு உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டி வரலாம்.

மேசை நமக்கு எதற்கு, இயந்திரத்தில் சில்லறையாக ஆடிக்கொள்ளலாம் என்பார்கள் சிக்கனக்காரர்கள். பொத்தானைத் தட்டினால் ஒரு வெள்ளி. மணிக்கு ஐந்நூறு தட்டு சுலபமாக விழும். இயந்திரம் பத்து சதவீதம் பிடித்துக்கொள்வதாக வைத்தால் மணிக்கு 50 வெள்ளி. சில்லறை ஆட்டத்தின் வாடகை பெரிய மேசையின் வாடகையைப் போல இரண்டு மடங்கை நெருங்குகிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு வைக்கிறோம் என்று மட்டும் பார்த்துவிட்டு, எவ்வளவு வேகமாக வைக்கிறோம் என்று பார்க்காதவர்களுக்கு இங்கேதான் பணம் கரைகிறது. பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை சுற்று, கடைக்காரர் பங்கு, எத்தனை மணி நேரம் – நான்கையும் பெருக்கினால் விடுமுறையின் சூதாட்டச் செலவு வந்துவிடும். யாருக்கு இலவச அறை கொடுக்கலாம், யாருக்கு இலவசச் சாப்பாடு போதும் என்று சூதாட்டக்கூடங்கள் முடிவுசெய்வதும் இதே பெருக்கலை வைத்துத்தான்.

வாசலுக்கு வருகிறேன். கட்டணத்தோடு சிங்கப்பூர் நிறுத்திக்கொள்ளவில்லை. சூதாட்டக்கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். பெருந்தொகையை முன்பணமாகக் கட்டிவைத்த பெரும்புள்ளிகளைத் தவிர உள்ளூர்க்காரர் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. அரசிடம் நிதியுதவி பெறுகிறவர், நொடித்துப்போனதாக நீதிமன்றம் அறிவித்தவர் ஆகியோருக்கு அனுமதியே இல்லை. ஒருவரின் ஆட்டத்தால் வீடு தத்தளிக்கிறதென்றால் மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து அவரை உள்ளே விடாமல் செய்யலாம். நம் ஊரில் பெரியப்பாக்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலையை அங்கே அரசாங்கம் கோப்பு போட்டுச் செய்கிறது.

இதைப் பார்த்த பிறகு மற்ற ஊர்களையும் பார்க்காமல் இருக்க முடியுமா? மொனாக்கோவுக்குப் போனேன் (புத்தகத்தில்தான்). கடனில் தள்ளாடிய குட்டி நாட்டை இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ் சூதாட்டத்தை வைத்து நிமிர்த்தினார். 1869இல் குடிமக்கள் மீதான நேரடி வரியையே எடுத்துவிட்டார். அந்தக் குடிமக்கள் மான்டி கார்லோ மேசையில் உட்கார மட்டும் கூடாது. இன்றைக்கும் கூடாது. நேபாளத்தில் நேபாளிகளுக்குத் தடை. மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக்கூடத்தில் முஸ்லிம்களுக்குத் தடை. ஜப்பான் இன்னும் திறக்கவே இல்லை, ஒசாகாவில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் மட்டும் தயார். ஜப்பானியர் 6,000 யென் கட்ட வேண்டும், வாரத்துக்கு மூன்று தடவை, 28 நாளில் பத்துத் தடவை, அவ்வளவுதான். நம் கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கிற கப்பல்களில் 2020 பிப்ரவரியிலிருந்து கோவாவாசிகளை ஏற்றக் கூடாது. சென்னையிலிருந்து போகிறவரை வாங்க வாங்க என்பார்கள்.

தென் கொரியா இதில் தனி ரகம். அங்கே சூதாட்டக்கூடங்கள் பல உண்டு. கொரியர்கள் நுழைய முடிகிறது கங்வோன் லேண்ட் ஒன்றில்தான். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி ஊரே காலியாகிக்கொண்டிருந்த மலைப் பகுதிக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று 2000இல் அதைத் திறந்தார்கள். பிழைப்பு வந்தது. கூடவே அடகுக்கடைகளும் வந்தன. காரில் வந்து, காரை அடகு வைத்து ஆடிவிட்டு, பேருந்தில் ஊர் திரும்புகிறவர்கள் அங்கே புதிதில்லை. மீட்காத கார்கள் அடகுக்கடைகளில் வரிசையாக நிற்கும்.

ஆக, கடை வைத்திருக்கிறவருக்குத் தன் கடைச் சரக்கைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளை அண்டவிடாமல் வேலி போட்டுவிட்டு விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். உங்களுக்கு நுழைவு இலவசம் என்றால் வேலி எதுவும் உங்களுக்கு இல்லை என்று பொருள். சுற்றுலாப் பயணியின் சூதாட்ட பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் ஆட்களுக்கு என்ன விதி வைத்திருக்கிறார்களோ, அதை நாமே நமக்கு வைத்துக்கொண்டால் போதும்.

உள்ளே போகும் முன் 150 வெள்ளி கட்டியதாக நினைத்து அந்தத் தொகையைத் தனியே எடுத்து, மறுநாள் பறவைப் பூங்காவுக்கோ முஸ்தபா கடையில் சாமான் வாங்கவோ வைத்துவிடலாம். விடுமுறைக்கு எத்தனை தடவை போவது என்பதை ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவுசெய்துகொள்ளலாம். ஏடிஎம் விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கட்சி. டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, போனில் இருக்கிற பணச் செயலி எதுவும் உடன் வரக் கூடாது. கார்டுகளை அறையின் பெட்டகத்தில் பூட்டுங்கள். போனை அறையிலேயே விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. செயலியையாவது கிளம்பும் முன் நீக்கிவிடலாம்.

நாளுக்கு ஒரு கவரில் பணத்தைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று முந்தைய வாரங்களில் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருக்கும் கடிதத்தை அவர்கள் படிக்க வேண்டும். அவருடைய சம்பந்தி கெந்திங் போகும்போது நான்கு நாளுக்கு நான்கு கவர் போட்டு, மேலே கிழமையும் எழுதி, நான்கையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாராம். முதல் நாள் ராத்திரியே வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை எல்லாம் காலி. வாசகியின் கணவர் தடுத்துப் பார்த்திருக்கிறார். “சம்பந்தி, நாளைக்கு உள்ளதத்தானே எடுக்கேன், ஊரான் காசையா எடுக்கேன்?” என்று பதில் வந்ததாம். மிச்ச நாட்களில் அவர் மலைக்காற்று வாங்கினார் என்று முடித்திருக்கிறார் வாசகி.

கவர் முறையில் கோளாறு இல்லை. நான்கும் ஒரே சட்டைப் பையில் இருந்ததுதான் கோளாறு. மூன்று கவரைச் சம்பந்தியம்மாளிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இருக்கிறது. அந்த அம்மாள் கொடுத்திருப்பாரா, மறுத்திருப்பாரா, மறுத்தால் விடுமுறை என்ன ஆகும் என்பதெல்லாம் பங்கீட்டில் வர வேண்டிய சங்கதிகள். அச்சுக்குப் போகிற நேரம் என்று அலுவலகத்திலிருந்து இரண்டாவது தடவையாகப் போன் வந்துவிட்டது. நாள்வாரிப் பங்கீடு அடுத்த வாரம். ஜெயித்த பணத்தை அன்றைய கவரில் சேர்ப்பதா, தனிக் கவரில் போடுவதா என்பதில் எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டு கட்சியையும் எழுதுகிறேன்.

(தொடரும்)