வெப்சைட்ல தமிழ் உடையுதா? எங்க உடையுதுன்னு முதல்ல பாருங்க

சிம்போசியம் சீசன் வந்தாச்சு. ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு வெப்சைட், ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம், கடைசியில் ஒரு ஈ-சர்டிஃபிகேட். தமிழ் மன்ற நிகழ்ச்சின்னா பெயர்கள் தமிழிலேயே வேணும்னு சொல்லிடுவாங்க. அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த சைட் அங்கதான் மக்கர் பண்ணும். உடனே எல்லாரும் பண்றது ஒண்ணுதான்: ஃபான்ட்டை மாத்திப் பார்ப்பாங்க. பாதி நேரம் ஃபான்ட்டுக்கும் அந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இருக்காது.

ஃபான்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி, எழுத்து எப்படி உடைஞ்சிருக்குன்னு பாருங்க. உடைஞ்ச விதத்திலேயே காரணம் இருக்கு.

வெறும் கட்டம் கட்டமா தெரிஞ்சா டேட்டா நல்லாத்தான் இருக்கு, ஃபான்ட்டில்தான் தமிழ் இல்லை. கூகுளோட 'நோட்டோ' ஃபான்ட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கட்டங்களால்தான். அதுக்கு 'டோஃபு'ன்னு செல்லப்பெயர், 'நோ டோஃபு' சுருங்கி நோட்டோ ஆச்சு.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', இதுவே திரும்பத் திரும்ப வந்தா, யுடிஎஃப்-8-இல் இருக்கிற தமிழை பிரவுசரோ எக்ஸெல்லோ வேற என்கோடிங்னு நினைச்சுப் படிக்குது. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். அதில் முதல் பைட் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், அதனாலதான் அந்த 'ஏ' விடாம வருது. பேஜோட ஹெட்டில் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 இருக்கான்னு பாருங்க. எக்ஸெல்னா சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்காம, டேட்டா மெனு வழியா இம்போர்ட் பண்ணி என்கோடிங்கை யுடிஎஃப்-8னு கொடுங்க.

வரிசையா கேள்விக்குறி வந்தாத்தான் கவலைப்படணும். அநேகமா தமிழைத் தாங்காத ஒரு டேட்டாபேஸ் காலமுக்குள் போய் எழுத்து ஏற்கெனவே செத்துப்போச்சு. அதைத் திருப்பி எடுக்க முடியாது, பெயரை மறுபடியும் வாங்கித்தான் ஆகணும். பழைய மைஎஸ்க்யூஎல்-இல் டிஃபால்ட் லத்தீன்1. 8.0-இல் இருந்துதான் யுடிஎஃப்8எம்பி4 டிஃபால்ட். சீனியர் விட்டுட்டுப் போன பழைய டேபிளை அப்படியே யூஸ் பண்றவங்க, ஃபார்மைத் திறக்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

நாலாவது வகை நம்ம ஊர் ஸ்பெஷல். டிடிபி கடையில் அடிச்ச அழைப்பிதழை காப்பி பண்ணி பேஜில் ஒட்டினா 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு செமிகோலன் வரும். அது பாமினி ஃபான்ட். உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துதான், மேலே மட்டும் தமிழ் முகமூடி. யூனிகோடை தமிழ்நாடு அரசே 2010-இல் தரமா அறிவிச்சாச்சு, ஆனாலும் டிடிபி கடைகளில் பாமினியும் வானவில்லும் இன்னும் ஓடிட்டிருக்கு. என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு கருவியில் போட்டு மாத்திக்கலாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற உடைப்பு, ஈஸியா பிடிச்சுடலாம். பார்க்க எல்லாம் சரியா இருந்து, ஒருத்தரோட பெயர் மட்டும் சத்தமில்லாம கெட்டுப்போறது வேற ரகம்.

பிரவுசர் கன்சோலைத் திறந்து [...'தமிழ்'] அப்படின்னு அடிச்சுப் பாருங்க. நமக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. ஃபார்மில் மேக்ஸ்-லெங்த் 15னு போட்டா, ஆங்கிலப் பெயருக்கு ஓரளவு போதும்னு தோணும். 'முத்துக்கிருஷ்ணன்'னு ஒருத்தர் டைப் பண்றார். அவர் கணக்கில் 9 எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 17. ஃபார்ம் எந்த எர்ரரும் காட்டாம 'முத்துக்கிருஷ்ண' வரைக்கும் வாங்கிட்டு நின்னுடும். டைப் பண்ற வேகத்தில் அவரே கவனிக்க மாட்டார், சர்டிஃபிகேட் வந்தப்புறம்தான் தெரியும். லிஸ்ட் பேஜில் சப்ஸ்ட்ரிங் போட்டுப் பெயரை வெட்டுறதும் இதே வேலையைத்தான் செய்யும்: 'பல்'லை வெட்டினா 'பல' ஆகும், 'கோபி' 'கோப' ஆகிடுவான்.

இதுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இன்ட்எல் செக்மென்ட்டர்னு ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியுற எழுத்தா எண்ணித் தரும், 'தமிழ்'னா மூணு. ஃபயர்ஃபாக்ஸ் 2024-இல் சேர்த்ததுக்கு அப்புறம் பெரிய பிரவுசர் எல்லாத்திலும் ஓடுது. (க்ஷ-வை மட்டும் ரெண்டா எண்ணும். அதுக்காக சண்டை போட வேண்டாம்.) எழுத்து எழுத்தா குதிச்சு வர்ற டைட்டில் அனிமேஷன் வெச்சிருந்தா, அங்கேயும் இதையே யூஸ் பண்ணுங்க. இல்லைன்னா கொம்பும் புள்ளியும் புள்ளிவட்டத்தோட தனியா குதிக்கும்.

அடுத்தது தேடல். 'கோகிலா'ன்னு தேடுறீங்க, லிஸ்டில் கண்ணெதிரே கோகிலா இருக்காங்க, ரிசல்ட் பூஜ்யம். காரணம், 'கோ'வை ரெண்டு விதமா சேமிக்கலாம்: க-வோட ஓகாரக் குறி ஒரே துண்டா, இல்லைன்னா இரட்டைக் கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டு துண்டா. எந்த கீபோர்டில் டைப் பண்ணாங்க, எங்க இருந்து காப்பி பண்ணாங்க என்பதைப் பொறுத்து மாறும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனா ஜாவாஸ்கிரிப்ட்டில் மூணு ஈக்வல் போட்டு ஒப்பிட்டா ரெண்டும் வேற வேற. மருந்து ஒரே வரி: சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி கொடுத்து ஓட்டிடுங்க.

கௌசல்யாவுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. நிறைய பேர் 'கௌ'வுக்கு ஒற்றைக் கொம்பு, க, அப்புறம் 'ள'ங்கிற முழு எழுத்தையே அடிப்பாங்க: கெளசல்யா. என்எஃப்சி-யைப் பொறுத்தவரை அது வேற வார்த்தை, தொடவே தொடாது. சரி, கொம்பும் ள-வும் சேர்ந்து வர்ற இடத்தை எல்லாம் ரீப்ளேஸ் ஆல் போட்டு மாத்திடலாமா? போட்டுடாதீங்க, வெள்ளம், வெளியூர், கெளுத்தி எல்லாம் நாசமாகிடும். ள-வுக்குப் பின்னாடி புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தா விட்டுடணும். வெறும் ள-வா இருந்தா மட்டும் மாத்தணும்: கெளரவம், மெளனம், பெளர்ணமி மாதிரி. மாத்தினதை ஒரு தடவை கண்ணால் பார்த்துடுங்க.

இப்போ சர்டிஃபிகேட். ஐந்நூறு பேருக்கு பைத்தானில் பில்லோ லைப்ரரி வெச்சு ஒரு லூப்பில் அடிச்சுத் தள்ளுவோம். ஆங்கிலத்தில் சூப்பரா வரும். தமிழில் 'ஜெயா' 'ஜயொ'ன்னு வந்து நிக்கும், 'பெயர்'ங்கிற வார்த்தையே 'பயெர்' ஆகும். எகரக் கொம்பை நாம எழுத்துக்கு முன்னாடி எழுதுறோம், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னாடி சேமிக்கப்படுது. அதை இடம் மாத்திக் காட்டுற வேலைக்கு ஷேப்பிங்னு பேர். பிரவுசரில் அது தானா நடக்கும். பில்லோவில் ராக்ம்னு ஒரு லைப்ரரி கூட இருந்தாத்தான் நடக்கும், இல்லைன்னா சேமிச்ச வரிசையிலேயே அடிச்சுடும். அதனாலதான் ஒருத்தர் லேப்டாப்பில் சரியா வந்தது பக்கத்து லேப்டாப்பில் உடையுது. ஜேஎஸ்-பிடிஎஃப் லைப்ரரியிலும் இதே கதைதான். ஃபான்ட்டை எத்தனை தடவை மாத்தினாலும் ஜெயா ஜயொவாத்தான் இருப்பாங்க.

என் சிபாரிசு, சர்டிஃபிகேட்டையே ஒரு எச்டிஎம்எல் பேஜா டிசைன் பண்ணிடுங்க. குரோமைப் பின்னணியில் ஓடவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பிடிஎஃப்-ஆ பிரின்ட் எடுங்க. பப்பட்டீர் தெரிஞ்சவங்களுக்கு இருபது வரி கோட். கொஞ்சம் மெதுவா ஓடும், ஆனா ஒரு பெயரும் உடையாது. இன்டிசைனில் போஸ்டர் பண்றவங்க பாரகிராஃப் செட்டிங்கில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்தா அங்கேயும் கொம்பு இடத்துக்கு வந்துடும்.

சிஎஸ்எஸ்-இல் அதிக வேலை இல்லை. எல்லாருக்கும் பிடிச்ச பாப்பின்ஸ் ஃபான்ட்டில் ஆங்கிலமும் தேவநாகரியும் இருக்கு, தமிழ் இல்லை. அதனால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோன்னு ஒவ்வொரு மெஷினும் கையில் கிடைச்சதைப் போட்டுக்கும். உங்க லேப்டாப்பில் அழகா இருந்த பேஜ் எச்ஓடி மொபைலில் வேற மாதிரி தெரியுறதுக்கு அதுதான் காரணம். கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை மாதிரி தமிழ் உள்ள ஒண்ணை ஃபான்ட் லிஸ்டில் சேர்த்துடுங்க. லைன்-ஹைட்டை 1.6 பக்கம் வைங்க. பட்டனுக்கு ஹைட்டை பிக்ஸலில் பூட்டினா 'கூ'வோட காலும் 'கீ'யோட தலையும் வெட்டுப்படும், பேடிங் கொடுத்தாப் போதும். இட்டாலிக் மட்டும் வேண்டாம்: பெரும்பாலான தமிழ் ஃபான்ட்டில் அது கிடையாது, பிரவுசர் எழுத்தைப் பிடிச்சு அப்படியே சாய்ச்சு வைக்கும், பார்க்கவே பாவமா இருக்கும்.

ஃபார்மை ஓப்பன் பண்றதுக்கு முன்னாடி 'டெஸ்ட் 123'னு அடிச்சுப் பார்க்காம, இந்த வரியைப் போட்டுப் பாருங்க:

ஸ்ரீரங்கத்துக் கௌசல்யா கொய்யாப்பூவை நூலில் கோத்தாள்.

நான் டெஸ்டுக்காகவே எழுதினது, அர்த்தம் தேடாதீங்க. ஸ்ரீ, கௌ, கொ, கோ, பூ, வை எல்லாம் இதில் இருக்கு. ஃபார்ம்ல கொடுத்து, டேட்டாபேஸ்ல பார்த்து, லிஸ்டில் தேடி, சர்டிஃபிகேட்டா பிரின்ட் எடுங்க. கடைசி 'ள்'-இல் இருக்கிற புள்ளி வரைக்கும் நாலு இடத்திலும் அப்படியே வந்தா லிங்க்கை குரூப்பில் போடலாம்.