கல்லா பார்க்காத கட்டணம் - ஒரு பண்பலை வானொலி சொல்லும் பாடம்

மூட்டை இறக்கும் நேரத்தில் பாட்டு ஓடாத மளிகை மண்டி உண்டா? நம் கடையிலும் தராசுக்கு மேலே ரேடியோ பெட்டி மாட்டியிருந்தோம். பாட்டுக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம், "இவர்களுக்கென்ன, காற்றை விற்றுக் காசாக்குகிறார்கள்" என்று வேடிக்கையாகச் சொல்வோம். அந்தக் காற்று வியாபாரத்தின் வரவு செலவைப் பார்த்தபோதுதான், அவர்கள் பட்ட பாடு நமக்கு விளங்கியது.

நம் நாட்டில் பண்பலை ஒலிபரப்பு முதலில் வந்தது சென்னைக்குத்தான். 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலி அதைத் தொடங்கியது. 1993 முதல் தனியாருக்கு மணிக்கணக்கில் நேரம் வாடகைக்கு விட்டார்கள். 1998ல் அதை நிறுத்தி, தனி நிலையங்களுக்கே உரிமம் தர முடிவு செய்தார்கள். 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன.

அந்த ஏலத்தில் உரிமம் எடுத்து, 2001 ஜூலை 3 அன்று பெங்களூருவில் ஒலிபரப்பைத் தொடங்கியது 'ரேடியோ சிட்டி'. முழு நேரத் தனியார் பண்பலை நிலையம் நாட்டிலேயே அதுதான் முதல். நாள் முழுக்கப் பாட்டு, பேச்சு, விளம்பரம். செய்தி சொல்ல அனுமதி இல்லை.

கடை திறந்தாயிற்று, கூட்டமும் வந்தது. ஆனால் வினை லைசென்ஸ் கட்டணத்தில் இருந்தது. ஏலம் கேட்ட தொகையை ஒருமுறை கட்டினால் போதாது. ஆண்டுதோறும் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 15 சதவீதம் கூட்டி! உரிமக் காலமோ 10 ஆண்டு.

வணிகர்களாகிய நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாண்டு 100 ரூபாய் என்றால் ஆறாம் ஆண்டு 201. பத்தாம் ஆண்டு 352. மும்பையில் ஏலத் தொகை 9.75 கோடி, பத்தாம் ஆண்டில் அது 34 கோடியைத் தாண்டும். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். ஏலம் கேட்டவர்களில் பலர் பின்வாங்கினர். 108க்கு 21 நிலையங்களே ஒலித்தன.

இதைப் படித்தபோது நமக்குப் பழைய காயம் வலித்தது. ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்தபோது, இதே போன்ற ஏற்றத்துக்கு நாமும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டோம். முதல் இரண்டு வருடம் சுமை தெரியவில்லை. ஆறாவது வருடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். இடம் நல்ல இடம், வியாபாரமும் குறையவில்லை. வாடகை மட்டும் வியாபாரத்தை விட வேகமாக ஓடிவிட்டது.

வானொலிக்காரர்கள் சாவியைக் கொடுக்கவில்லை, சேர்ந்து முறையிட்டார்கள். அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் அமித் மித்ரா, அப்போது வணிகத் தொழில் சங்கங்களின் கூட்டமைப்பான 'ஃபிக்கி'யின் பொதுச்செயலாளர். நிலையான கட்டணம் வேண்டாம், வருவாயில் பங்கு போதும் என்று 2003ல் அக்குழு பரிந்துரைத்தது. 2005ல் அரசு ஏற்றது. நுழைவுத் தொகை ஒருமுறை. பிறகு மொத்த வருவாயில் 4 சதவீதம். குறைந்தபட்ச வரம்பும் உண்டு என்றாலும், கட்டணம் கல்லாவைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. பாட்டுக்கான உரிமைத் தொகையையும் நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று 2010ல் காப்புரிமை வாரியம் வகுத்தது.

பலன் என்ன? பெங்களூருவில் தொடங்கிய ரேடியோ சிட்டி 2006ல் சென்னைக்கும் வந்தது. அதே கடை, அதே சரக்கு. கட்டணத்தின் வகை மாறியதும் பிழைத்துக்கொண்டது.

சில்லறைக் கடை நடத்தும் நம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இரண்டு. ஒன்று, வாடகையோ உரிமமோ, முதலாண்டுத் தொகையைப் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். கடைசி ஆண்டுத் தொகையைப் பென்சிலால் போட்டுப் பாருங்கள். இரண்டு, சுமை தாங்காதபோது தனியாகப் புலம்பாமல் கணக்கோடு சங்கத்துக்கு வாருங்கள். நாம் புலம்பினால் அனுதாபம் கிடைக்கும். கணக்கை நீட்டினால்தான் பதில் கிடைக்கும்.