ஜன்னலோரம் எட்டு மீட்டர் கம்பி

புதுச்சேரிக்கு நேர் தெற்கே சுமார் 550 கிலோமீட்டரில் இருக்கிறது கொழும்பு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழ்நாட்டிலும் புதுவையிலும் வீடுதோறும் ஒலித்த நாட்களில், அந்தக் குரல் கடலைக் கடந்து நேராக வருவதாகத்தான் கேட்பவர்கள் நினைத்திருப்பார்கள். பகலில் மத்திய அலையில் வந்தது உண்மையில் அப்படித்தான், நிலத்தையும் கடலையும் ஒட்டியே வந்தது. சிற்றலையில் வந்த குரலின் பாதை வேறு. அது கொழும்பில் கிளம்பி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரம் போய், அங்கே வளைந்து திரும்பி, 45 டிகிரிச் சாய்வில் புதுச்சேரி லாஸ்பேட்டையின் மொட்டைமாடிகள் மேல் இறங்கியது.

அவ்வளவு உயரத்தில் அதைத் திருப்பி அனுப்பியது சூரியன் செய்து வைத்த ஓர் அடுக்கு. சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளிமண்டல அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. இப்படித் தளர்ந்து திரியும் எலெக்ட்ரான்கள் நிறைந்த பகுதிதான் அயனி மண்டலம். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பியபோது, உருண்டையான பூமியின் முதுகைச் சுற்றி அலை எப்படி வளைந்தது என்ற கேள்வி எழுந்தது. வானில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தார்கள். 1924இல் எட்வர்ட் ஆப்பிள்டன் சோதனையால் அதை நிறுவினார், 1947இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மண்டலத்தில் பல அடுக்குகள். 60 முதல் 90 கிலோமீட்டர் வரை உள்ள டி அடுக்கு பகலில் மட்டும் இருக்கும். அங்கே காற்று சற்று அடர்த்தி. அலை அசைத்துவிடும் எலெக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு கூடும். அதனால்தான் 6 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 49 மீட்டர் அலைவரிசையும், 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 41 மீட்டர் அலைவரிசையும் பகலில் தூர நிலையங்களைத் தருவதில்லை. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைந்துவிடும். மேலே உள்ள எஃப் அடுக்கு இரவிலும் நீடிக்கும். இரவில் 49, 41, 31 மீட்டர்களும், பகலில் 19, 16 மீட்டர்களும் கைகொடுப்பது இதனால்தான்.

நம் பகுதிக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு அதுவே காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்குள் எஃப் அடுக்கில் எலெக்ட்ரான் குறைந்த பெரும் குமிழிகள் கிளம்பி மேலேறும். அவற்றின் ஊடே வரும் அலை சிதறும், வானொலியில் குரல் படபடக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். முன்னிரவில் ஒரு நிலையம் நடுங்கினால் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

சிற்றலை கேட்பது புதுவைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது போர்ச் செய்தி கேட்க ஸ்ரீ அரவிந்தரின் அறையில் வானொலி வைக்கப்பட்டதை அவருடைய சீடர் நிரோத்பரன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிபிசி தமிழோசை 1941 மே 3இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30இல் சிற்றலையை நிறுத்தும்வரை, ஒரு தலைமுறைக்கும் மேலாக இரவுச் செய்தி என்றாலே அதுதான். அந்தக் காலத்து வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டை வெளியிலிருந்தே அடையாளம் காணலாம். மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் கழி, நடுவே இழுத்துக் கட்டிய ஏரியல், அதிலிருந்து ஜன்னல் வழியே இறங்கும் ஒரு கம்பி. கம்பி நீளமாக இருந்தால் ஊர்கள் அதிகம் கேட்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அன்றைக்கு அது பெருமளவு உண்மையும்கூட.

இன்று லாஸ்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு மாடியில் கழி நட வழியில்லை. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கம்பம் உயர்த்துவதற்குக் கட்டுப்பாடும் உண்டு. மாடியில் இடம் கிடைத்தாலும் அங்கிருந்து இறங்கும் கம்பி நாலு வீட்டைத் தாண்டி வரவேண்டும். ஆக, ஏரியல் வீட்டுக்குள்தான். அங்கே இரண்டு தடைகள் காத்திருக்கின்றன.

முதல் தடை கான்கிரீட். சிமென்டும் ஜல்லியும் பெரிய இடைஞ்சல் இல்லை, உள்ளே இருக்கும் இரும்புதான் இடைஞ்சல். தளத்தில் கம்பிகள் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டிருக்கும். 49 மீட்டர் நீளமுள்ள அலைக்கு அந்தக் கட்டங்கள் ஓட்டைகளே அல்ல, அதன் கணக்கில் தளம் முழுவதும் ஒரே இரும்புத் தகடு. செங்கல் சுவரும் ஜன்னலும் வாசலும்தான் அலை நுழையும் வழி. மேற்குச் சீனாவின் காஷ்கர் போல 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபரப்பு ஒரே தாவலில் வந்தால், அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரிக்கும் குறைந்த சாய்வில்தான் வந்து சேரும். அது பக்கவாட்டில் ஜன்னல் வழியே நுழைந்துவிடும். கொழும்பு போன்ற பக்கத்து ஊர்தான் உயரத்திலிருந்து இறங்கும், தளத்தில் முட்டி நிற்கும். அடுக்குமாடி வீட்டுக்குள் தூரத்து ஊர் தெளிவாகவும் பக்கத்து ஊர் மங்கலாகவும் கேட்டால் வியக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை இதைவிடப் பெரிது. எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, பிஎல்டிசி மின்விசிறி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைச் சிக்கனமாக மாற்ற அதுதான் வழி. ஆனால் வினாடிக்கு ஒரு லட்சம் முறை வெட்டும் சுற்று, அந்த 100 கிலோஹெர்ட்ஸோடு நிற்பதில்லை. அதன் மடங்குகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சிந்தும். 6 மெகாஹெர்ட்ஸில், 6.1இல், 6.2இல் என்று முள்ளைத் திருப்பும் இடமெல்லாம் ‘கிர்ர்ர்’ என்று நிற்கும். வானத்திலிருந்து வரும் சமிக்ஞை பெரும்பாலும் ஒரு மீட்டருக்குச் சில நூறு மைக்ரோவோல்ட்தான். சார்ஜரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மூங்கில் கழிக் காலத்துக் கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. அன்றைய வீட்டில் இழை பல்பும் ஒரு மின்விசிறியும் இருந்தன, இரைச்சல் குறைவு, ஆகவே நீளமான கம்பி அதிகச் சமிக்ஞை தந்தது. இன்று கம்பியை நீட்டினால் சமிக்ஞையும் இரைச்சலும் சேர்ந்தே உயரும். கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காதை எவ்வளவு கூர்மையாக்கினாலும் எதிரில் பேசுபவர் குரல் தெளிவாகாது, இடம் மாறி நின்றால்தான் தெளியும். ஏரியலுக்கும் இடம்தான் முக்கியம், நீளம் அப்புறம்.

எனவே முதல் வேலை கம்பி வாங்குவது அல்ல, மெயின் சுவிட்சை அணைப்பது. வானொலியைப் பேட்டரியில் ஓடவிட்டு, நிலையம் இல்லாத ஓரிடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டு மெயினை இறக்கிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு மெயினை ஏற்றி, ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு சார்ஜராகப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும். மெயின் இறங்கியும் இரைச்சல் அடங்காவிட்டால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ வருகிறது. தெருவே இருண்டுபோகும் மின்வெட்டுதான் இன்று சிற்றலை கேட்க மிகச் சிறந்த நேரம்.

அடுத்துக் கம்பி. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மெல்லிய, பிளாஸ்டிக் உறை போட்ட பல இழைச் செம்புக் கம்பி ஆறு முதல் எட்டு மீட்டர் போதும். கடற்காற்றில் உறையில்லாத செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும், உறை அவசியம். கம்பியைக் கூரையின் நடுவே கட்டாதீர்கள். விசிறிக்கும் விளக்குக்கும் போகும் ஒயர்கள் தளத்துக்குள் அங்கேதான் ஓடுகின்றன. வெளிச்சுவரில், ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டி, திரைச்சீலைக் கம்பிக்குச் சற்று மேலே கொண்டு போங்கள். பால்கனி இருந்தால் மீதியைத் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டலாம். மின்ஒயரைக் கடந்தே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும், இணையாக ஓடக்கூடாது. பிளக் பாயிண்டின் எந்தத் துளையிலும் இந்தக் கம்பியைச் செருகக்கூடாது, உயிருக்கே ஆபத்து.

வானொலியில் தனி ஏரியல் துளை இல்லையென்றால் கம்பி முனையை உரித்து, குரோக்கடைல் கிளிப்பால் இழுப்பு ஏரியலில் மாட்டலாம். ஒரே நேரத்தில் பல நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பினால் சிறிய வானொலிக்குச் சமிக்ஞை அளவு மீறிவிட்டது என்று பொருள். கிளிப்பைக் கழற்றிவிட்டு, உறையோடு இருக்கும் கம்பியையே இழுப்பு ஏரியலில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். செம்பு தொடாமலே தேவையான அளவு உள்ளே போகும்.

இரைச்சல் அப்படியும் அடங்காதவர்களுக்கு வளைய ஏரியல் இருக்கிறது. ஒரு மீட்டர் விட்டத்தில் ஒரே ஒரு சுற்றுக் கம்பி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே பழைய ரேடியோவில் நிலையம் மாற்றும் குமிழோடு திரும்பும் கேங் கண்டென்சரைக் கழற்றி மாட்ட வேண்டும். சுமார் 5 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை இதைக்கொண்டு இசைவிக்கலாம். உள்ளே ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள சிறு வளையம் ஒன்று வானொலிக்குப் போகும். இது அலையின் காந்தப் பகுதியை ஏற்கிறது, அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலோ பெரும்பாலும் மின்புலமாகவே பரவுகிறது. வளையத்துக்குக் காது கேளாத திசையும் ஒன்று உண்டு. திருப்பித் திருப்பி அந்தத் திசையை இரைச்சல் பக்கம் நிறுத்திவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் உள் ஏரியலுக்கு வெளி ஏரியலைவிட ஆபத்து குறைவுதான். ஆனால் பால்கனி வரை நீண்ட கம்பி என்றால் இடி கேட்கும் முன்பே கழற்றி வைப்பது நல்லது. மின்னலின் ‘படார்’ சத்தம் கூடச் சிற்றலையில் அயனி மண்டலத்தில் பட்டுப் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வரும். வானம் தெளிந்திருக்கும்போது வானொலியில் இடி இடித்தால் அது வேறு ஊர் மழை.

கட்டி முடித்த ஏரியல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்க ஓர் உலக ஏற்பாடே இருக்கிறது. 14.100 மெகாஹெர்ட்ஸில், உலகெங்கும் 18 இடங்களில் அமைந்த அமெச்சூர் கலங்கரை நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்குப் பத்து வினாடி அனுப்புகின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். இலங்கைக்கும் அதில் ஓரிடம் உண்டு, அதன் அழைப்புக் குறி 4எஸ்7பி. ஒவ்வொரு நிலையமும் மோர்ஸ் குறியில் பெயர் சொல்லிவிட்டு நான்கு நீண்ட கோடுகள் அனுப்பும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அதற்கடுத்தது 1, கடைசி வெறும் 0.1 வாட். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள வானொலியில் இதைக் கேட்கலாம். ஒரு நிலையத்தில் எத்தனை கோடு கேட்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கம்பியை இன்னும் நீட்டலாமா என்று யோசிக்கும் முன், சுவரில் செருகிய சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அடுத்த சுற்றில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.