புலி பார்க்க வருவோரும் காட்டோரத்து உழவர்களும்



கோடை விடுமுறை தொடங்கினால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் இரண்டே கேள்விகள்தான். "முதுமலைக்குப் போறோம், புலி கண்ணுல படுமா?" என்பது ஒன்று. "காட்டை ஒட்டி ரெண்டு ஏக்கரா கிடைக்குமா? இயற்கைப் பண்ணை போட்டு நாலு குடில் கட்டலாம்னு இருக்கோம்" என்பது மற்றொன்று. தாளவாடி மலையில் காட்டோரமாக ராகியும் மஞ்சளும் போடுகிறவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. இவற்றில் கானுயிர்ச் சுற்றுலா என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது முதுமலைதான். 1940இல் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும், 2007இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. உள்வட்டமும் வெளிவட்டமும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர். தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறினால் மானும் காட்டெருமையும் நிச்சயம் தெரியும். யானை தெரிய வாய்ப்பு அதிகம். புலி, அவரவர் யோகம்.

பிரச்சினை தெப்பக்காட்டு வண்டியில் இல்லை. அதற்குக் கிழக்கே மசினகுடியைச் சுற்றி நடப்பதில்தான் இருக்கிறது.

ஒடுங்கிய பாதை

சீகூர் மேட்டுநிலத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் புரியும். தெற்கே சுவர்போல நீலகிரி மலை. வடக்கே மாயாற்றின் பள்ளத்தாக்கு. இரண்டுமே செங்குத்து. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வருகிற யானைகளுக்கு நடுவில் இருக்கிற இந்த ஒடுங்கிய நிலமே வழி. அந்த வழியில்தான் விடுதிகள் முளைத்தன. வேலி, விளக்கு, இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு, அனுமதியில்லாத இரவு ஜீப் சவாரி எல்லாம் கூடவே வந்தன.

2011இல் சென்னை உயர் நீதிமன்றம் யானை வழித்தடத்தை உறுதி செய்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் பல விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று, தனியார் ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு குழுவையும் அமைத்தது. மூன்று மாதம் கழித்து, 2021 சனவரியில், மசினகுடிப் பக்கம் குடியிருப்புக்குள் வந்த யானைமேல் எரிகிற டயரை வீசிய காட்சியை நாடே பார்த்தது. அந்த யானை பிழைக்கவில்லை.

ரிவால்டோ என்று பெயர் சூட்டப்பட்ட காட்டு யானையின் கதையும் அங்கேதான் நடந்தது. பழம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கினார்கள். அது ஊரைவிட்டுப் போக மறுத்தது. 2021 மே மாதம் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் திரும்பக் காட்டில் விட்டார்கள். கொடுத்தவர்கள் ஆசையாகத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் பழத்தின் ருசி கண்ட யானை அடுத்து வந்து நிற்பது விடுதி வாசலில் மட்டுமா? பக்கத்து உழவனின் வாழைத்தோட்டத்திலும்தான்.

மாடு குறைஞ்சது, ஜீப் கூடுச்சு

சீகூர்ப் பகுதி ஒரு காலத்தில் மாடுகளின் நாடு. பாலுக்காக வளர்த்ததைவிடச் சாணத்துக்காக வளர்த்தது அதிகம். பகலில் காட்டில் மேய்ந்து இரவில் பட்டியில் அடையும் மாடுகளின் சாணம், மேல் நீலகிரித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரி லாரியாகப் போனது. நம்மைப் போன்ற இயற்கை உழவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காட்டின் சத்து காட்டைவிட்டு வெளியேறிக்கொண்டே இருந்தால், யானைக்குப் புல் எங்கிருந்து வரும்? புல் இருந்த இடங்களை இன்று உண்ணிச்செடி மூடிக் கிடக்கிறது.

மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச்சில் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலை உயர் நீதிமன்றமே தடை செய்தது. அங்கே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "மாடு குறைஞ்சது, ஜீப் கூடுச்சு தம்பி. எம் பையன் ஜீப்தான் ஓட்டறான். விடுதியப் பூட்டுனா அவன் வண்டியும் நிக்குது. மாட்டையும் வைக்காதே, வண்டியையும் ஓட்டாதேன்னா நாங்க எதைத் திங்கறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வழித்தடத்தில் பெரிய விடுதி கட்டியவரையும், மூன்று தலைமுறையாக அங்கே உழுகிறவரையும், காட்டையே வீடாகக் கொண்ட இருளர், குறும்பரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

யாரும் கேட்காத பாறு

வருகிறவர்கள் எல்லோரும் புலியைக் கேட்கிறார்கள். பாறு கழுகை யாரும் கேட்பதில்லை. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் அதிகமாகக் கூடு கட்டுகிற இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். அவற்றின் உயிர் நம் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோபினாக், அந்த மாடு செத்தபின் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடெங்கும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் இரண்டையும் தடை செய்தார்கள்.

அதே 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் நஞ்சு வைத்ததாக அதன் உரிமையாளர் கைதானார். மாட்டைப் பறிகொடுத்தவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் பறிகொடுத்திருக்கிறோம். இழப்பீடு கேட்டு அலைந்திருக்கிறோம். ஆனாலும் கையெட்டும் தூரத்தில் பூச்சிக்கொல்லிப் புட்டி இல்லாத வீட்டில் இப்படி நடக்க வழியே இல்லை. நஞ்சில்லா வேளாண்மை உண்பவருக்கு மட்டும் நன்மை என்று நினைக்காதீர்கள். காட்டோரத்தில் அது புலிக்கும் பாறுக்கும் காவல்.

வருகிற பணம் யாருக்கு?

சுற்றுலாவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தேக்கடியைப் பாருங்கள். ஒரு காலத்தில் பெரியாறு காட்டுக்குள் திருட்டுத்தனமாக இலவங்கப்பட்டை உரித்தவர்கள், சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்து இன்று அதே காட்டில் வழிகாட்டிகளாகவும் காவலாகவும் இருக்கிறார்கள். கம்பம் பக்கத்துத் தமிழ்நாட்டு உழவர் ஊர்களுக்கு மாட்டுவண்டியில் கூட்டிப்போய்க் காட்டுகிற ஏற்பாடும் அங்கே உண்டு. ஊருக்குப் பங்கு இருக்கும்போது காட்டுக்குக் காவல் தானாக வருகிறது.

நமக்கும் கேட்க உரிமை இருக்கிறது. கானுயிர் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை உண்டு. சுற்றுலாக் கட்டணம் அதற்குத்தான் போகிறது. எவ்வளவு வந்தது, வெளிவட்டத்து ஊர்களுக்கு என்ன செலவானது, பயிர் இழப்பீடு எத்தனை பேருக்கு நிலுவை என்று கிராம சபையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

குடில் கட்ட நினைப்போருக்கு

* வழித்தடத்தில் நிலம் வாங்காதீர்கள். பத்திரம் உங்கள் பேரில் இருந்தாலும் நீங்கள் வாங்குவது யானையின் பாதையையும் பல வருட வழக்கையும்தான்.
* காட்டோர உழவர்களே, விலை ஏறுகிறது என்று நிலத்தை விற்காதீர்கள். விற்ற நிலத்தில் மறுபடி ராகி விளையாது.
* விருந்தினரை வைப்பதென்றால் சொந்த வீட்டில் இரண்டு அறை போதும். இருட்டினால் வெளிவிளக்கு, ஒலிபெருக்கி, நெருப்பு எதுவும் வேண்டாம்.
* எச்சிலும் பிளாஸ்டிக்கும் வெளியே கிடக்கக் கூடாது. மக்குவதை மூடிய குழியில் போடுங்கள். கரடிக்கும் பன்றிக்கும் அதுதான் முதல் அழைப்பு.
* மாட்டுக்கு வலி மருந்து போட்டால் பெயரைக் கேட்டுப் போடுங்கள். மடிநோய்க்கு நம் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு இருக்கிறது.
* எருவுக்குக் காட்டை நம்பாதீர்கள். பசுந்தாள் விதையுங்கள், பண்ணை மாட்டின் சாணமே போதும்படி நிலத்தின் அளவைத் திட்டமிடுங்கள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வனத்துறை வண்டியில் போங்கள், தங்குமிடம் காட்டோர உழவர் வீடா என்று கேளுங்கள், திரும்பும்போது எங்கள் ராகியில் ரெண்டு கிலோ வாங்கிப் போங்கள். அந்தக் காசு இருந்தால்தான் நாங்கள் நிலத்தை விற்காமல் இருப்போம்.