தகவல் துளி: விண்கப்பலில் ஓர் ஈப்போக்காரர்

1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் நிஷெல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பினப் பெண் தகவல்தொடர்பு அதிகாரியாக வந்ததே அன்று பெரிய செய்தி. கேப்டன் நாற்காலி ஆணுக்குத்தான். 1995இல்தான் ஒரு பெண் கேப்டன், ஜேன்வே, ஒரு ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் நாயகியானார்.

2017இல் ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’ தொடரில் கேப்டன் ஜார்ஜியோவாக வந்தவர் ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ. மலேசிய உச்சரிப்பை மாற்றாமலே பேசினார். ஒரு காட்சியில், பாலைவனக் கிரகத்தில் புயலால் கப்பலோடு தொடர்பு அறுகிறது. அவர் பதறவில்லை, மணலில் நடந்து நடந்தே காலடித் தடங்களால் விண்படையின் சின்னத்தை வரைகிறார். கப்பல் கண்டுகொள்கிறது. கூடவே நடக்கும் துணை அதிகாரியும் பெண்தான். எவ்வளவு நிமிர்வான காட்சி!

பெற்றோர்களே, மகள்களுக்கு இதைக் காட்டுங்கள்.